பேட்டரி இல்லாத அழைப்பு மணி

…போடவிட்டிருக்கவே கூடாதோ அந்தப் பேட்டரியை, நாலு அடிக்க இன்னும் ஏழு நிமிஷம், இப்போதுகூடக் கழற்றிவிடலாம், ஆனால் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சரி என்று தலையாட்டித் தொலைத்தாயிற்றே. சித்தி நறுக்க எடுத்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு மேசையோரம் உட்கார்ந்தாள். எட்டு மாதமாக இந்த வீட்டு மணி அடிக்கவில்லை. அக்கா விபத்தில் போன சேதியோடு அன்றைக்குக் காலையில் போலீஸ்காரர் அடித்ததுதான் கடைசி, ஓடிப்போய்க் கதவைத் திறந்தவள் அக்கா மகள், ஒன்பது வயசு, அதற்கப்புறம் எங்கே மணி அடித்தாலும் மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். சித்தி மணியின் பேட்டரியைக் கழற்றிப் போட்டாள், மாடி மாடியாக ஏறி இறங்கிப் பன்னிரண்டு வீட்டிலும் கெஞ்சினாள், மணியைத் தொடாதீர்கள், கதவைத் தட்டாதீர்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள், எதுவானாலும் போனில் சொல்லுங்கள்... பாவம், நல்ல ஜனங்கள், சொன்னதை அப்படியே கேட்டார்கள். சாப்பாடு கொண்டுவந்தால்கூட வாசலில் வைத்துவிட்டுப் பூனை மாதிரி நழுவினார்கள். அப்பாடா என்றுதான் இருந்தது, முந்தாநாள் வரை. முந்தாநாள் தலை வாரும்போது குழந்தை கேட்டாள்:

"சித்தி, எல்லாருக்கும் நம்ம மேல கோபமா? யாருமே வர்றதில்லையே."

சீப்பு பாதியில் நின்றுவிட்டது. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று குழந்தையைத் தனியாகப் பூட்டியல்லவா வைத்திருக்கிறாள், என்ன மடத்தனம்... தையல்காரம்மாதான் யோசனை சொன்னாள், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை அடிப்பது, எல்லாம் குழந்தையே முடிவு பண்ணட்டும், நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று. நாலு மணி, ஒரே ஒரு தடவை என்று சொல்லிவிட்டாள் குழந்தை. ஸ்டூல்மேல் ஏறிப் பேட்டரி போட்டதும் அவளேதான்.

அடித்தது. கதவுப் பக்கம் நின்றிருந்த குழந்தை காதைப் பொத்திக்கொண்டாள், மேசையைப் பார்த்தாள், போகவில்லை, மெல்லக் கையை இறக்கினாள். சித்திக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை, மேசைக்காலை எப்போது இப்படி இறுக்கிப் பிடித்தாள்... அன்றைக்கு அடுப்படியில் நின்றபடியே, போய் யாருன்னு பாரு என்று குழந்தையை அனுப்பியது யார், இவள்தானே, அதை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லையே, பன்னிரண்டு வீடும் மணியைத் தொடாமல் இருந்தது குழந்தைக்காகத்தானா...

"சித்தி, நீ திற. நான் பக்கத்துல நிக்கிறேன்."

வெளியே இருந்தவர்கள் இரண்டாவது தடவை அடிக்காமல் காத்திருந்தார்கள்.