உறுதிமொழி வாசித்த லீடர்

மாணவிகளைக் கேலி செய்வதும் மிரட்டுவதும் குற்றம் என்று சொல்லிக்கொடுக்க ஓர் அதிகாரியம்மா வரப்போகிறார் என்றதுமே எங்கள் பெரிய டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. உறுதிமொழி வாசிக்க ஆள் வேண்டுமே! வேறு யார்? பள்ளி லீடர்தான். கணீரென்ற குரல், மடிப்புக் கலையாத சட்டை. பள்ளிக்குள் போன் வைத்துக்கொள்ள அனுமதி பெற்ற ஒரே மாணவனும் அவன்தான். ஒழுங்கைக் கண்காணிக்கிறானாம்!

அந்தப் போனில்தான் என் பக்கத்தில் உட்காரும், நாங்கள் குண்டூசி என்று கூப்பிடும் ஒல்லிப் பெண்ணின் படம் இருந்தது. விளையாட்டு அறையில் அவள் உடை மாற்றும்போது கதவிடுக்கு வழியாக எடுத்திருக்கிறான், வீணாய்ப்போனவன். "சொன்னபடி கேட்கலேன்னா விழா அன்னிக்குச் சாயங்காலம் எல்லார் போனுக்கும் போயிடும்" என்று மிரட்டல் வேறு. சோறு தண்ணீர் இறங்காமல் அவள் பாதியாகிவிட்டாள். ஏற்கெனவே குண்டூசி, அதிலும் பாதி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழாவன்று காலையில் பெரிய டீச்சரிடம் போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நான் துணைக்கு நின்றேன்.

"ஐயையோ, இப்போ வந்து சொல்றியே! உறுதிமொழிக்கு வேற ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்? விழா முடியட்டும், பேசிக்கலாம். அதுவரைக்கும் மூச்சு விடாதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறுதிமொழிக்கு ஆள் கிடைக்காததுதான் இவருக்குக் கவலை!

லீடர் மேடையேறி, "பெண்களை மதிப்போம்" என்றான். நாங்களும் கிளிப்பிள்ளைகளாக "மதிப்போம்" என்றோம். பெரிய டீச்சருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அதிகாரியம்மா மைக்கைப் பிடித்தார். "யாராவது தப்பா நடந்துக்கிட்டா என்ன செய்வீங்க?"

"பெரியவங்ககிட்ட சொல்வோம்!" கூரை அதிர்ந்தது.

குண்டூசி எழுந்தாள்.

"காலையிலயே சொன்னேன் மேடம். விழா முடியட்டும்னாங்க. முடிஞ்சதும் என் படத்தை எல்லாருக்கும் அனுப்பிடுவாரு, இதோ நிக்கிறாரே, இந்த லீடர் அண்ணன்."

பெரிய டீச்சர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "மேடம், அவன் நல்ல குடும்பத்துப் பையன்..."

அதிகாரியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "போனைக் கொடு தம்பி."

லீடர் பெரிய டீச்சரைப் பார்த்தான். பிறகு கொடுத்தான்.

"வேற யாருக்காவது இவனால தொல்லை இருக்கா?" என்று எங்களைக் கேட்டார்.

முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தன. போட்டோக்காரருக்கு என்ன தெரியும் பாவம், நல்ல காட்சி கிடைத்தது என்று எடுத்துத் தள்ளினார்.

போலீஸ் வந்தது. படம் யாருக்கும் போகவில்லை, லீடர்தான் போனான். பெரிய டீச்சர் மட்டும் அப்படியே இருக்கிறார். அன்றைய போட்டோ ஒன்றைச் சட்டம் போட்டுத் தன் அறை வாசலில் மாட்டியிருக்கிறார். கீழே பெரிய எழுத்தில், "விழிப்புணர்வு விழாவில் உற்சாகமாகக் கை தூக்கும் மாணவியர்." வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் காட்டுகிறார்.

அதில் இரண்டாவது வரிசையில் தெரிவது என் கை. குண்டூசி மட்டும்தான் தூக்கவில்லை. எங்களில் அவள் ஒருத்திதானே அதற்கு முன்பே சொல்லியிருந்தாள்.