நான்காவது பாஸ்

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனை மன்னிக்கச் சொல்கிறவர்கள் என் தங்கை புருஷனைப் பார்த்ததில்லை. தொழிற்சாலைப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான் பயிற்சியாளராக இருந்தபோது, வேலைவெட்டி இல்லாதவனை உதவியாளாகச் சேர்த்துவிட்டதே நான்தான். அவன் முதலாளியிடம் போய், கிழவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஓதிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். என் பயிற்சி நோட்டையும் அமுக்கிவிட்டான், பாவி.

கோப்பையை இழந்தால் நீயும் கிளம்பு என்று முதலாளி அவனிடம் சொல்லியிருந்தார். இறுதி ஆட்டத்தில் அவர்களோடு மோதும் அணி என்னைக் கூப்பிட்டபோது சம்பளம்கூடக் கேட்கவில்லை. அவனை நடுத்தெருவில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நோட்டில் இருப்பது எனக்குத் தெரியாதா? ஆளுக்கு ஒரே தொடலில் மூன்று குட்டிப் பாஸ். நான்காவதை, நிமிர்ந்து பார்க்காமல், மைதான நடுவில் அடையாளத்துக்கு வைத்த பிளாஸ்டிக் கூம்பை நோக்கித் தட்ட வேண்டும். கால் பழகத்தான் அது. ஆட்டத்தில் நான்காவது பாஸ் ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் போக வேண்டும் என்பதை வாயால்தான் சொல்வேன், எழுதியதில்லை. அந்த மண்டூகம் கூம்பை எடுத்துவிட்டு அப்படியே ஆடவைத்தான்.

தங்கைதான் போனில் உளறினாள். அணித் தலைவி, எல்லோருக்கும் அவள் நெட்டச்சி, இது தப்பு என்று சொன்னாளாம். நோட்டில் உள்ளபடி ஆடு, இல்லையென்றால் அணியை விட்டுப் போ என்றானாம். ஆடுகிறவரைக்கும்தான் அவளுக்குத் தொழிற்சாலையில் வேலை. பாவம்தான். ஆனால் என் வயிற்றெரிச்சலுக்கு முன்னால் அது நிற்கவில்லை.

இரண்டு வாரம் என் பெண்களுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று பாஸ் எண்ணு, நடுவில் போய் நில். ஆட்டத்தன்று நெட்டச்சி தட்டிய பந்தெல்லாம் எங்கள் காலில் வந்து விழுந்தது. நான்கு கோல். ஒவ்வொரு கோலுக்கும் அவன் முகத்தைத்தான் பார்த்தேன். குளிர்ந்துபோனேன்.

ஆட்டம் முடிந்ததும் முதலாளியோடு நேரே என்னிடம் வந்தான்.

"மச்சான், பந்து வர்றதுக்கு முன்னாடியே உங்க ஆளுங்க எப்படி அங்க போய் நின்னாங்க?" என்றான், அவருக்குக் கேட்கும்படி. "நெட்டச்சிதானே சொல்லிக் குடுத்தா?"

இல்லை, அது என் சொந்த நோட்டு என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவளைக் காப்பாற்ற வேறு என்ன சொல்வீர்கள் என்றார் முதலாளி. அன்றைக்கே அவளை வேலையைவிட்டு நீக்கினார். கழுவுற மீனில் நழுவுற மீன், அவன் அந்த இடத்திலேயே இருக்கிறான்.

மைதான வாசலில் நெட்டச்சி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாலு கோலும் எனக்குத்தான் போட்டிருக்கீங்க, சார்" என்றாள்.