டத்தோ கோதண்டபாணி திறந்து வைத்தவை

எங்கள் தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர் திறந்து வைக்காத எதுவும் தொடங்குவதில்லை. கட்டடங்களுக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். டுரியான் பருவம், கல்யாணம், காய்ச்சல், எல்லாமே அப்படித்தான். எங்கள் உறுப்பினர் கோதண்டபாணி, டத்தோ பட்டம் வாங்கியவர், முப்பத்தொரு வருடமாக, ஏழு தவணையாக, இந்த வேலையைச் செய்துவந்தார். ரிப்பன் வெட்டுவார், பேசுவார், பிறகு கோங் என்கிற பெரிய வெண்கலத் தட்டைக் கட்டையால் மூன்று முறை அடிப்பார். மூன்றாவது அடியில் விஷயம் தொடங்கிவிடும்.

நான் கட்சியின் தொகுதித் துணைத் தலைவர். அடிக்கும்போது கோங் ஆடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது என் வேலை. இருபத்து நான்கு வருடம் பிடித்தேன். பத்திரிகைப் படங்களில் கோங்கின் இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு விரல்கள் தெரியும். அவை என்னுடையவை. கீழே பெயர் போடமாட்டார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் டத்தோ என் தோளில் தட்டி, "அடுத்த தடவ ஒனக்குத்தான் தம்பி" என்பார். அந்த நாற்காலிக்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை நானே அடித்துப் பார்த்தேன். புதுத் தாமான் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் இணைப்பு. டத்தோ இரண்டு மணி நேரம் தாமதம். ஜனங்கள் வாளியோடு வெயிலில் நிற்கிறார்கள். கட்டையை எடுத்து மூன்று முறை ஓங்கி அடித்தேன். குழாயில் காற்றுகூட வரவில்லை. வரிசையில் முதலில் நின்ற பெரியவர், "பரவால்ல சார், ஒய்பி வரட்டும்" என்றார் மரியாதையாக. எங்கள் ஊரில் சட்டமன்ற உறுப்பினர் என்றால் ஒய்பி. டத்தோ வந்தார். முதல் அடியிலேயே தண்ணீர் கொட்டியது. மீதி இரண்டை முறைக்காக அடித்தார்.

அன்றே எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். யாரும் திறந்து வைக்காததால் வயிற்றில் லேசான புகைச்சலோடு நின்றுவிட்டது. கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்தார்கள். வருடக்கணக்கில் விழுங்கினேன்.

"எதுக்கு இப்படி அரைகுறையா வச்சிக்கிட்டு அவஸ்தப்படுறீங்க? ஒய்பிகிட்ட ஒரு லெட்டர் குடுங்க, வந்து தொறந்து வெச்சிருவாரு" என்றாள் என் மனைவி அம்சவல்லி.

கொடுத்தேன். மூன்று வாரத்தில் தேதி கிடைத்தது. வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டு, சாப்பாட்டுக்கு மீ கோரெங் ஆர்டர் பண்ணினோம். டத்தோ இருபது நிமிடம் பேசினார். "தம்பியோட பொறாம நம்ம தொகுதிக்கே ஒரு முன்மாதிரி. எல்லாரும் இப்படிப் பொறாமப்படணும்" என்றார். கை தட்டினார்கள். கோங்கை வழக்கம்போல் நான்தான் பிடித்தேன். மூன்றாவது அடியில் அது முழுசாக வந்து இறங்கியது. அவருடைய பாத்தேக் சட்டை, அவருடைய நரைக்காத முடி, அம்சவல்லி அவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த முறுக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் குத்தின. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல வேலை, குறை சொல்ல முடியாது.

போன மார்ச் மாதம் டத்தோவின் இதயம் நின்றுபோனது. மரணம் தயாராக இருக்கிறது, திறந்து வைப்பதுதான் பாக்கி என்று மருத்துவர் சொன்னார். டத்தோ தன் டைரியைப் புரட்டினார். ஆகஸ்ட் வரை ஒரு நாள்கூடக் காலி இல்லை. நான் தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு போய் அவர் கட்டிலருகில் உட்கார்ந்தேன். ஏதாவது நிகழ்ச்சி ரத்தாகாதா என்று நான் ஏங்கியது உண்மை. அதற்காக வெட்கப்படவில்லை.

ஒரு மத்தியானம் அவரே கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"என்னோடத நானே தொறந்துக்கிட்டா ஊர்ல தப்பா பேசுவாங்க தம்பி. நீ தொற."

அதிகாரக் கடிதமும் கொடுத்தார். இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் என்று போட்டு, கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு பாலாய் ராயா மண்டபத்தில் நாலாயிரம் பேர் கூடினார்கள். நான் பன்னிரண்டு பக்கத்துக்கு உரை எழுதியிருந்தேன். இரண்டாவது பக்கத்திலேயே ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோங்கைப் பிடிக்க ஆள் ஏற்பாடு செய்ய மறந்துபோயிருந்தேன். முன்வரிசை சோபாவில் படுத்திருந்த டத்தோ எழுந்து வந்து, "ஒனக்குப் பழக்கமில்ல, ஆடிரும்" என்று பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். அடித்தேன். மூன்றாவது அடியில் இறந்தார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் படம். கோங்கின் ஓரத்தில் தெரிந்த எட்டு விரல்களுக்குக் கீழே 'டத்தோவின் விரல்கள்' என்று போட்டிருந்தார்கள். கட்டையோடு நின்ற என்னைப் பாதி முகத்தோடு வெட்டியிருந்தார்கள்.

அதன் பிறகு தொகுதியில் எதுவும் தொடங்கவில்லை. டுரியான் பழுத்தும் விழாமல் தொங்கியது. நான்கு மாப்பிள்ளைகள் மணவறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். என் கடிதம் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் என்பதால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. இடைத்தேர்தலை வெளியூரிலிருந்து நடத்துவதால் அது மட்டும் தொடங்கியது. கட்சி போட்டியில்லாமல் எனக்கே சீட் கொடுத்தது. பல வருடத்தில் முதல்முறையாக வயிற்றில் எரிச்சல் இல்லாமல் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

வேட்புமனுத் தாக்கலன்று அம்சவல்லி என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கூட வரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்றாள். நான் எட்டரைக்கே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது பின்னால் சலசலப்பு. டத்தோ வந்துகொண்டிருந்தார். அவர் இறந்த அன்று நாங்கள் போட்ட மாலைகளில் ஒன்று இன்னும் கழுத்தில் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். நானும் விட்டேன்.

"பாதியில விட்டுட்டுப் போக மனசு வரல தம்பி. அடுத்த தடவ ஒனக்குத்தான்" என்றார்.

தேர்தல் அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடையாள அட்டையின் நகல், இறப்புச் சான்றிதழின் நகல், எல்லாம் சரியாக இருந்தன. முன்மொழிபவர் முன்னால் வரலாம் என்றார். டத்தோவின் பின்னாலிருந்து அம்சவல்லி வந்து, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு அழகான கையெழுத்து.