மரியாதை கற்ற குரல்

என் அப்பா சுரபாயாவின் பழைய சந்தையில் துணி வெட்டி விற்றவர். முழத்துக்கு ஒரு விரல்கடை குறைத்து வெட்டுவார். வாங்குகிறவரின் பேரக்குழந்தைகளை விசாரித்துக்கொண்டே வெட்டுவதால் யாரும் கத்தரியைப் பார்த்ததில்லை. அதே கடைக்கு மேல்மாடியில் நான் குரலை வெட்டுகிறேன். மெத்தைக் கடை, செருப்புக் கடை, கல்யாண மண்டபம் என்று எல்லா விளம்பரமும் என் கணினியில் ஏறி இறங்கித்தான் சந்தை ஒலிபெருக்கிக்குப் போகும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஐந்தைத் திருடினால் எந்தக் காதும் புகார் சொல்லாது.

பதினான்கு வருஷம் எனக்குக் குரல் கொடுத்தவன் கஸ்முரி. அவன் கூவினால் ஓட்டைப் பானைக்கும் ஆள் வரும். ஒரே குறை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கும்போது மூன்று வரிக்கு ஒருமுறை தடுக்குவான். தடுக்கியதும் எங்கள் ஊருக்கே உரிய அந்த வசவு, பின்னாலேயே ஒரு சிரிப்பு, ஒரு இருமல். அவற்றை வெட்டி, ‘குப்பை’ என்று பெயரிட்ட கோப்புறையில் போட்டுவைப்பேன். எதையும் தூக்கி எறியாதது வியாபாரி வீட்டுப் புத்தி.

போன வருஷம் அவன் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரனாகப் போனான். இந்த நோன்பின் கடைசி வாரத்தில், ஒரு மதியம், அவன் தங்கை லாஸ்மி மாடிக்கு வந்தாள். நோன்பு நேரம், ஒரு வாய் டீகூட நீட்ட முடியவில்லை. அவளும் சுற்றி வளைக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன் கப்பலிலேயே காய்ச்சலில் அண்ணன் போய்விட்டான், கடலிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றாள். அம்மா மாக் துமினிக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டது. சாவைச் சொல்லி வந்த கடிதத்தை லாஸ்மிதான் படித்துக் காட்டினாள். ‘மீன் நிறைய, சம்பளம் சரியாக வருகிறது’ என்று படித்தாள்.

“பெருநாள் காலையில அவன் மன்னிப்பு கேப்பான்னு மாக் காத்துக்கிட்டு இருக்கு, சாக்,” என்றாள். மாக் என்றால் அம்மா, சாக் என்றால் அண்ணன்.

விஷயம் எனக்கும் தெரியும். புருஷனைக் கடலில் தொலைத்தவள் மாக் துமினி. மகனும் கப்பல் ஏறுகிறேன் என்றபோது, போனால் திரும்பி வராதே என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் அவள் மடியில் தலை வைக்காமலே போனான். எங்கள் வழக்கத்தில் பெருநாளன்று சின்னவர்கள்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்ட பிறகே பெரியவர்கள் கொடுக்கலாம். அவன் கேட்காதவரை அந்தச் சொல் அவள் நாக்கிலேயே கிடக்கும். மாக்குக்கு இதயமும் பலவீனம். கொடுக்காத மன்னிப்போடு அவள் போய்விடக் கூடாது என்பதுதான் லாஸ்மியின் பயம்.

பழைய விளம்பரங்களிலிருந்து அவன் குரலிலேயே ஒரு மன்னிப்பைத் தைத்துத் தரச் சொன்னாள். பேரம் பேசினோம். அவள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஆறு சொல் தருகிறேன் என்றேன். அவள் அழுதாள், நான் ஏற்றினேன். பதின்மூன்றில் படிந்தது.

மன்னிப்பு மெத்தைக் கடையின் பெருநாள் வாழ்த்தில் கிடைத்தது. ‘நான்’ செருப்பிலிருந்து வந்தது. ‘நலமாக இருக்கிறேன்’ மூலிகைக் கஷாயத்திலிருந்து. ‘மாக்’ என்று அவன் எந்த விளம்பரத்திலும் சொன்னதில்லை. ஆனால் கடைக்கு வரும் பெண்களை ‘ஈபு ஈபு’ என்று அழைத்திருந்தான். அதைப் பாதியாக வெட்டினால் ஒரு மரியாதையான அம்மா மிஞ்சுவாள். திரையில் ஒலி அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். மயிரிழை தள்ளினாலும் ‘டிக்’ என்று காட்டிக்கொடுக்கும். ஒன்றின் வாலை அடுத்ததின் தலைமேல் தேய்த்துப் படியவைத்தேன். விற்கிறவன் கடைசிச் சொல்லை உயர்த்துவான், கெஞ்சுகிறவன் தாழ்த்துவான். அதனால் கடைசிச் சொல்லின் சுருதியை இறக்கினேன். சந்தையின் ஜெனரேட்டர் இரைச்சலை அடியில் விரித்ததும் கப்பல் தயார்.

அவன் வீட்டில் இவ்வளவு மரியாதையாகவா பேசுவான் என்று ஒருமுறை கேட்டேன். பெருநாளன்று போக்கிரிகூட உயர்ந்த பேச்சுதான் பேசுவான் என்றாள் லாஸ்மி. கல்யாணமாகி மலாங்குக்குப் போனவள், மாக்குக்குப் பார்வை போகும்வரை வருஷாவருஷம் பெருநாளின் இரண்டாம் நாள்தான் பிறந்த வீடு வருவாள். அதற்கு முன்பும் அண்ணன் மடியில் முகம் புதைத்து மன்னிப்புக் கேட்டது அவள் காதில் விழுந்ததில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

பெருநாள் காலை. சந்தைக்குப் பின்சந்தில் அவர்கள் வீடு. மாக் துமினி புதுப்புடவை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தாள். கெதுபாட் சோறு ஓலைகூடப் பிரிக்காமல் ஆறிக்கிடந்தது. கப்பலிலிருந்து குரல் வந்திருக்கிறது என்று சொல்லிச் செல்பேசியை அவள் காதருகில் பிடித்தேன்.

“ஈபு, நான் செய்த பிழைகளை எல்லாம் உங்கள் பெரிய மனதால் மன்னித்தருளுங்கள். நான் இங்கே நலமாக இருக்கிறேன்.”

திரும்பப் போடச் சொன்னாள். மூன்று தடவை கேட்டாள்.

“குரல் அவனுதுதான்,” என்றாள். “உங்கள்னு யாரைச் சொல்றான்?”

“உன்னத்தான், மாக்,” என்றாள் லாஸ்மி.

“என்னை அவன் பொறந்ததுலேருந்து நீன்னுதான் சொல்லியிருக்கான். மடியில தலைய வச்சுக்கிட்டே கெட்ட வார்த்தை பேசுவான், நான் குட்டுவேன். அதான் அவனுக்குப் பெருநாள்.” செல்பேசிப் பக்கம் காதைச் சாய்த்தாள். “இருமல் எங்கடா?”

நான் செல்பேசியைக் கீழே இறக்கினேன்.

“ரோக்கிம், இது உன் வேலையா?”

“ஆமா, மாக்.”

“தையலே தெரியல, நல்லாத்தான் செஞ்சிருக்கே. உசுரோட இருக்கிறவன் எதுக்கு உன்கிட்டத் தைக்கக் குடுக்கணும்?”

லாஸ்மி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எப்போது என்று மாக் கேட்டாள். ஏழு மாதம் என்றாள் மகள். மாக் துமினி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பேச்சையும் கேக்காத பய,” என்றாள் கடைசியில். “திரும்பி வராதேன்னு சொன்னத மட்டும் கேட்டுட்டான்.” பிறகு, யாரிடமும் என்றில்லாமல், “கேக்காதவனுக்கு நான் எப்படிக் குடுக்கிறது?” என்றாள்.

நான் எழுந்து சந்தைக்கு ஓடினேன். பூட்டிக்கிடந்த கடைகளைத் தாண்டி மாடியேறிக் குப்பைக் கோப்புறையைத் திறந்தேன். நான் தேடியது ஐந்தாம் வருஷத்து மெத்தை விளம்பரத்தில் இருந்தது. அதில் ஒரு மயிரிழையைக்கூட வெட்டாமல், அதைத் தொடரும் அசல் பதிவோடு சேர்த்து எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

“மேகத்துல படுக்கணுமா? எங்க மெத்தையில... எங்க மெத்தையில...” வசவு. சிரிப்பு. நெஞ்சைப் பிளக்கும் இருமல். “சீ, மன்னிச்சுக்க. தப்பு என்மேலதான். இன்னொரு தடவ சொல்றேன்.”

பதிவை நிறுத்தினேன். மாக் கையை நீட்டிச் செல்பேசியைத் தடவினாள்.

“இது உன்கிட்டக் கேட்டது,” என்றாள்.

“ஆமா, மாக்.”

“நீ என்ன சொன்னே?”

“நேரமாச்சுன்னு திட்டினேன்.”

“அப்போ இது இன்னும் யாருக்கும் செலவாகல. எனக்குக் குடுத்துடு.”

வியாபாரி மகனான நான் பேரம் பேசாமல் கொடுத்தது அது ஒன்றுதான். செல்பேசியை வாங்கி மடியில் வைத்தாள். அதன் முதுகில் விரல் மடக்கி ஒரு குட்டு வைத்தாள். பிறகு உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“மன்னிச்சுட்டேன்டா,” என்றாள். “நீ வா.”

அவள் கை பட்டுப் பதிவு மீண்டும் ஓட, அதற்கு அடியில் கஸ்முரி சொன்னபடியே இன்னொரு தடவை மெத்தை விற்கத் தொடங்கியிருந்தான். இந்தத் தடவை அவன் எங்கும் தடுக்கி நிற்கவில்லை.