வடக்கே இருநூற்றுப் பத்து காலடி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதுவாக வந்து என் வீட்டு மணியை அடித்தது. புதன்கிழமை, மாலை நாலு மணி. கதவைத் திறந்தால் வாசலில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. பள்ளிச் சீருடை, ஒரு காலில் அவிழ்ந்து கிடக்கும் ஷூ நாடா, கையில் கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட அவள் அம்மா, ஃபோனை உள்ளங்கையில் படுக்கவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், எங்க வீட்ல நீங்க என்ன பண்றீங்க?" என்றாள் அவள்.

நான் திருதிருவென்று முழித்தேன். "இது எங்க வீடும்மா" என்று சொல்லிவிட்டேன்தான். ஆனால் அவள் கேட்ட தோரணையில் எனக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

"மேப்புல இதுதான் எங்க வீடு." தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நீல கேட்டுன்னு போட்டிருக்கேன் பாருங்க. யாரோ பச்சை பெயின்ட் அடிச்சுட்டாங்க."

இப்படியொரு தொடக்கம் கையில் கிடைத்தவன் வாயை மூடிக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "மேற்கே மேகங்கள் திரண்டுகொண்டிருந்த அந்த மாலைப் பொழுதில்" என்று ஆரம்பித்தேன். [மேகமே இல்லை. அடித்துவிட்டேன்.] பிறகு, "திசை என்பது மனிதனின் முதல் தனிமை" என்று எழுதினேன். [இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. இதையும் அடித்துவிட்டேன்.] கடைசியில் மணி அடித்ததையே எழுதினேன். அடித்தவள் அவள், பெருமை என்னைச் சேராது.

2

கதவைத் திறந்தவன் நான் என்பதற்காகக் கதை என்னுடையது ஆகிவிடாது. ஆகவே கொஞ்ச நேரம் நான் ஒதுங்கிக்கொண்டு, வாலுவின் தோளுக்குப் பின்னால் நிற்கிறேன். வாலு என்றுதான் அவள் அம்மா கூப்பிட்டார். ஐந்து நிமிடம் பழகினால் நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள்.

வாலுவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குத் தனியாக நடந்து வர வேண்டும். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் தனியாகத்தான் போகிறார்கள். தன்னை மட்டும் கையைப் பிடித்து இழுத்துப் போவது மானக்கேடு. இரண்டு மாதமாக ஒற்றைக் காலில் நின்றாள்.

அம்மா மருந்துக்கடையில் வேலை செய்பவர். டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார். "அவர் இதைத்தான் சொல்லியிருப்பாரும்மா" என்று மருந்து வாங்க வந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும், "டாக்டர் மனசுல நினைச்சதை என்னால தர முடியாது, எழுதினதைத்தான் தருவேன்" என்று சொல்லிவிடுவார். வகுப்பில் திசைகள் பாடம் தொடங்கிய அன்று அதே கறாரோடு மகளுக்கும் ஒரு நிபந்தனை போட்டார்.

"வீட்டுக்கு வர்ற வழியை மேப்பா போடு. கடை, மரம், இடது கை, வலது கை எதுவும் கூடாது. திசையும் காலடியும் மட்டும்தான். அதுல எழுதியிருக்கறபடியே ரெண்டு பேரும் நடப்போம். வீடு வந்துச்சுன்னா திங்கட்கிழமைலேர்ந்து நீ தனியா வா."

"வரலைன்னா?"

"அடுத்த வருஷம் பேசலாம்."

அடுத்த வருஷம் என்பது வாலுவின் கணக்கில் கிழவியான பிறகு. மூன்று நாள் அம்மாவின் கையைப் பிடித்தபடியே வாய்க்குள் எண்ணிக்கொண்டு நடந்தாள். நடுவில் அம்மா ஏதாவது கேட்டுவிட்டால் எண்ணிக்கை தவறிப்போய்க் கத்துவாள். தாள் தயாரானது. ஒரு கட்டத்துக்குப் பத்து காலடி. வடக்கே 210. கிழக்கே 90. வடக்கே 40. நீல கேட்.

புதன்கிழமை பள்ளி வாசலில் அம்மா ஃபோனில் திசைகாட்டியைத் திறந்தார். வடக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நம்ம வீடு அந்தப் பக்கம் இல்லியே."

"எழுதினது யாரு?"

வாலு தாளைப் பார்த்தாள். தப்பு என்று ஒப்புக்கொண்டால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. தோற்றுப்போனேன் என்று சொல்வதைவிட, வீடுதான் இடம் மாறிவிட்டது என்று சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி முன்னால் நடந்தாள். முன்பின் பார்த்திராத தையல் கடை, பார்த்திராத சைக்கிள் நிறுத்துமிடம், பார்த்திராத நாய். எங்காவது தெரு வளைந்து வீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தெரு வளையவில்லை.*

* எங்கள் பகுதித் தெருக்கள் அவளுடைய நோட்டைப் போலவே கட்டம் கட்டமாக இருப்பவை. கதைக்காக நான் நேராக்கவில்லை. அந்த அளவுக்கெல்லாம் எனக்குச் செல்வாக்கு கிடையாது.

3

வீட்டுக்குள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். அம்மா ஃபோனை அதன் பக்கத்தில் வைத்தார்.

"வடக்கு இங்க இருக்கு. நீ எதை வடக்குன்னு போட்டே?"

"எங்க கிளாஸ் ஜன்னல் பக்கம்."

"அது கிழக்குடி. காலைல வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு தினம் புலம்பறியே."

"கிழக்கா?" வாலுவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரு நொடிதான். "மிஸ் திசைகாட்டியை என் டெஸ்க்குல வெச்சுக் காட்டினாங்க. சிவப்பு முனை ஜன்னலைத்தான் காட்டுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"அப்போ ஊசி பொய் சொல்லுச்சா?"

"ஊசி எதுக்கு பொய் சொல்லணும்? நாளைக்குக் கேக்கறேன்." பிறகு குரல் இறங்கியது. "நான் தோத்துட்டேனாம்மா?"

"வீடு வரல இல்ல?"

வாலு வாசலுக்குப் போய் ஷூ நாடாவைக் கட்ட உட்கார்ந்தாள். அவ்வளவு நேரம் யாரும் நாடா கட்டி நான் பார்த்ததில்லை.

[இந்த இடத்தில் நான் அவளுக்கு ஆறுதலாக நாலு நல்ல வார்த்தை சொன்னதாக முதலில் எழுதியிருந்தேன். சொல்லவில்லை. காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.]

அப்போது அந்த அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். "ஸ்கூல் கேட்டுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார், மேப் தப்புன்னு."

"அப்போ அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். காலைலேர்ந்து கவுன்ட்டருக்குப் பின்னாடியே நிக்கறேன். மூணே முக்காலுக்கு வெளிய வந்து இவ கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கற அந்த அஞ்சு நிமிஷம்தான் எனக்குன்னு இருக்கு. அதைத்தான் இவ கேக்கறா. மேப் தப்பானதும் சந்தோஷமா இருந்துச்சு. அம்மாவா இருந்துக்கிட்டு இப்படி நினைக்கலாமா, சொல்லுங்க?"

அதுவரை அவரை நான் கதையின் வில்லியாக மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். அந்த வேலையை அங்கேயே கைவிட்டேன்.

4

டீச்சர் கவனக்குறைவானவர். குழந்தைகளின் எதிர்காலத்தைப் பற்றி அவருக்கு எந்த

4 (மறுபடியும்)

வில்லி வேண்டும் என்ற ஆசையில் மேலே உள்ள வாக்கியத்தை ஆரம்பித்தேன். அது அபாண்டம். டீச்சர் வேலைக்கு வந்து இரண்டே வருஷம் ஆனவர். இந்தப் பாடத்துக்காக ஒரு வாரம் உட்கார்ந்து அட்டையில் அம்புக்குறி வெட்டியவர். ஆறு திசைகாட்டியை வைத்துக்கொண்டு இருபத்தெட்டுப் பேருக்கும் ஒவ்வொரு டெஸ்க்காகப் போய், குனிந்து, பொறுமையாகக் காட்டியவர். கோளாறே அந்தக் குனிந்ததில்தான் இருந்தது.

வியாழக்கிழமை வகுப்பில் நடந்ததைப் பிறகு வாலு என்னிடம் ஒரே மூச்சில் கொட்டினாள். நிறுத்தற்குறிகள் மட்டும் என்னுடையவை.

"எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு வடக்கைக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

இருபத்தெட்டுக் கைகள் நீண்டன. கதவுப் பக்கம் சில, ஜன்னல் பக்கம் சில, பின் சுவரில் இருந்த அலமாரிப் பக்கம் சில. சுவர் வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால் இரண்டு பேர் மின்விசிறியைக் காட்டினார்கள். டீச்சரின் முகம் தொங்கிப்போயிற்று. ஒரு வாரம் வெட்டிய அம்புக்குறியெல்லாம் வீண். "சரி, நாளைக்குச் செடிகள் பாடம் பார்க்கலாம்" என்று புத்தகத்தை மூடப் போனார்.

"மிஸ், ஒரே ஒரு நிமிஷம்!" வாலு எழுந்து நின்றாள். "அன்னிக்கு மாதிரியே என் டெஸ்க்குகிட்ட வந்து நில்லுங்க."

டீச்சர் வந்து, ஜன்னலுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் நின்று குனிந்தார். சிவப்பு முனை ஜன்னலைக் காட்டியது.

"இப்ப இந்தப் பக்கம் வாங்க."

டீச்சர் சுற்றி வந்து குனிந்தார். ஊசியும் சுற்றி வந்தது. பின்பக்கம் போனார், அதுவும் போனது. சாப்பாட்டுத் தட்டோடு போகிறவர் பின்னால் பூனை போவதைப் போல, டீச்சர் போன இடமெல்லாம் வடக்கும் போயிற்று.

"மிஸ்! வடக்கு உங்ககிட்டதான் இருக்கு!"

வகுப்பே வாயைப் பிளந்தது. டீச்சர் குனிந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். நெஞ்சில், இந்தப் பருவத்தில் புதிதாகக் கொடுத்த பெயர்ப் பட்டை. குண்டூசி குத்தினால் துணி கிழிகிறதென்று பின்னால் காந்தம் வைத்த பட்டை. அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். ஊசி கொஞ்சம் தள்ளாடி, கரும்பலகைப் பக்கம் திரும்பி அசையாமல் நின்றது.

யாரை எந்தப் பக்கமிருந்து குனிந்து பார்த்தாரோ அவர்களுக்கு அந்தப் பக்கம் வடக்கு. டீச்சர் முதலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முடியாமல் போய்ச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. அன்று செடிகள் பாடமும் இல்லை, வேறெந்தப் பாடமும் இல்லை. பெயர்ப் பட்டை கை மாறிக் கை மாறி எல்லோரும் ஆளுக்கொரு தடவை வடக்கானார்கள்.

வாலு மட்டும் தன் தாளை எடுத்துக் கால் வட்டம் திருப்பினாள். எண்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. வடக்கு என்று எழுதியதெல்லாம் கிழக்கு, கிழக்கு என்று எழுதியது தெற்கு. கிழக்கே 210, தெற்கே 90, கிழக்கே 40. வீடு அதன் இடத்தில்தான் இருந்தது.

5

இதெல்லாம் எனக்குத் திங்கட்கிழமை வரை தெரியாது. அதற்குள் கதையை முடித்துவிட வேண்டுமென்று பொறுமையில்லாமல் நானாகவே சில முடிவுகளைச் செய்து பார்த்தேன்.

அ) அம்மா மனமிறங்கி மகளைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். [எனக்கு முடிவு வராதபோதெல்லாம் யாராவது யாரையாவது கட்டிப்பிடிப்பார்கள். பழைய வியாதி.]

ஆ) அம்மா மனமிறங்கவில்லை. அடுத்த வருஷம் வருகிறது. வாலு வளர்ந்துவிடுகிறாள், கேட்பதையே மறந்துவிடுகி [வாலுவா? மறப்பதா? வேறு வேலை இல்லை எனக்கு.]

இ) எழுதத் தொடங்கினேன். மணி அடித்தது.

6

திங்கட்கிழமை, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். வாசலில் வாலு. பின்னால் யாரும் இல்லை.

"அம்மா எங்கம்மா?"

"வர மாட்டாங்க." முகமெல்லாம் பல்லாக நின்றாள். "அன்னிக்குத் தொலைஞ்சுபோய் உங்க வீட்டுக்கு வந்தேன். இன்னிக்கு வேணும்னே வந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணு இல்ல."

பெயர்ப் பட்டைக் கதையை அப்போதுதான் கொட்டினாள். திருப்பிய தாளை வைத்து வெள்ளிக்கிழமை அம்மாவோடு நடந்ததில் நீல கேட் வந்துவிட்டதாம். நான் சிரித்து முடித்து, பெரியவர்களுக்கே உரிய பயத்துடன் கேட்டேன். "இங்க வந்தது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

அவள் ஒரு புதுத் தாளை நீட்டினாள். பள்ளி வாசல். வடக்கே 210, கிழக்கே 90, வடக்கே 40, பச்சை கேட். அங்கிருந்து கிழக்கே 160, தெற்கே 340. நீல கேட்.

தாளின் அடியில் மருந்துக்கடை ரப்பர் ஸ்டாம்ப், ஊதா மையில்: "கொடுக்கப்பட்டது." தேதி. அதற்குக் கீழே நிதானமான கையெழுத்தில் ஒரு வரி: "நாலு மணியிலிருந்து நீல கேட்டில் நிற்பேன்."

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். தன்னுடைய ஐந்து நிமிடத்தை அந்த அம்மா எழுதிக் கொடுத்திருந்தார். எழுதியதைக் கொடுக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"இங்கேர்ந்து உங்க வீட்டுக்கு இந்த வழியா நடந்து பார்த்திருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் நூத்தி அறுபது, முன்னூத்தி நாப்பதெல்லாம் எப்படித் தெரியும்?"

"கட்டத்தை எண்ணினேன்." இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று என்னைப் பார்த்தாள். "நடந்த வழிக்கு எதுக்கு அங்கிள் மேப்பு? நடக்காத வழிக்குத்தானே?"

இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பேருந்து நிறுத்தம், தபால் நிலையம், கடைகள் எல்லாமே எனக்கு மேற்கே. எங்கள் தெருவில் கிழக்கே நூற்று அறுபது காலடி போனால் என்ன இருக்கிறது, அங்கே தெற்கே வழி உண்டா, குறுக்கே ஏதாவது சுவர் நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கதையை எப்படி முடிப்பது?

"நானும் கூட வரட்டுமா?"

"நீங்க வந்தா அது தனியா போறது ஆகாது."

"நடுவுல சுவர் வந்தா?"

"சுத்திப் போய்த் திரும்ப அதே கோட்டுக்கு வந்துடுவேன். எத்தனை ஸ்டெப் சுத்தினேன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும். பேச்சுக் குடுக்காதீங்க, இப்ப எண்ணப் போறேன்."

ஷூ நாடாவைப் பார்த்தாள். இரண்டும் கட்டியிருந்தன. கேட்டைத் திறந்தாள், வெயிலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே திரும்பினாள், தாளை நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரு முழுக்க அவள் குரல்தான். அந்தப் பக்கம் எங்கோ நீல கேட்டின் முன்னால் ஒருவர் நின்று, மகள் எந்தத் திசையிலிருந்து வருவாள் என்று கையில் இருக்கும் இந்தத் தாளின் நகலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நாற்பத்தொன்று வரைக்கும் கேட்டது. நாற்பத்திரண்டிலிருந்து நீங்கள் எண்ணுங்கள்.