ரேடியம் இல்லாமல் விழுந்த பொறி

இருட்டில் உட்காரச் சம்பளம் தரும் வேலையும் உலகத்தில் உண்டா என்று அண்ணி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். உண்டே! எட்டு வருஷமாகக் கண்ணு அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் அவளைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்குக்குக் கம்பளி. கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா உட்கார வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூச்சு தடவிய சின்னத் திரையில் அணுவின் துணுக்கு மோதும்போதெல்லாம் ஊசிமுனை அளவு ஒரு பொறி மின்னி அணையும். அதை எண்ண வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் கழுத்தைக் கழற்றி வைத்துவிடலாம் போலிருக்கும்.

அணு என்றால் உடைக்கவே முடியாத குண்டுமணி என்று ஒரு காலத்தில் சொன்னார்களாம். அப்புறம் அதற்குள்ளும் சில்லறைச் சாமான்கள் உண்டு என்றார்கள். அதற்கும் அப்புறம், உள்ளே எல்லாம் வெட்டவெளி, நடுவில் மட்டும் துளியூண்டு கரு என்றார்கள். இப்போதைய சண்டை, எந்தக் கரு உடையும், எது உடையாது என்பது. லேசான ஓர் உலோகத்தைக் காட்டி, ரேடியத்தின் கதிர் பட்டால் இதன் கருவும் உடையும் என்றார் பேராசிரியர். உடையவே உடையாது என்று அடித்துச் சொன்னார்கள் வேறு ஊர் ஆய்வுக்கூடக்காரர்கள். பாவம், பேராசிரியருக்குப் பார்வை மங்கல். கண்ணுவின் கண்தான் அவருக்கு இருந்த ஒரே சாட்சி.

அந்த ஊரிலிருந்து ஒருவர் சரிபார்க்க வந்தார். அவர் ஒத்துக்கொண்டால் பேராசிரியரின் உழைப்பு பாடப்புத்தகத்தில் ஏறும். இல்லாவிட்டால் அத்தனையும் குப்பை.

வழக்கமாகப் பேராசிரியர்தான் பின்னால் நின்று, "உலோகம் வச்சிட்டேம்மா", "எடுத்துட்டேம்மா" என்று சொல்வார். ரேடியத்துக்கு முன்னால் அதை வைத்தால் பொறி நிறைய விழும், எடுத்தால் குறையும்; ரேடியமே இல்லாவிட்டால் ஒன்றும் விழாது. அன்று வந்தவர் ரேடியத்தையும் உலோகத்தையும் தானே வைப்பதாகச் சொல்லி முன்னால் போனார்.

"உலோகம் வச்சாச்சு," என்றார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." கண்ணு எண்ணினாள். என்றைக்கும் விழுகிற அளவுக்கு அன்றும் விழுந்தது. பின்னால் பேராசிரியர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

விளக்கு எரிந்தது. வந்தவர் கோட்டுப் பையிலிருந்து ரேடியம் அடைத்த ஈயப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். "முதல்லேர்ந்தே இது என்கிட்டதான் இருந்துது."

கண்ணு நாற்காலியை விட்டு எழுந்தாள். "சத்தியமா நான் பொய் சொல்லலைங்க!"

"தெரியும்மா. விழும் விழும்னு காத்துக்கிட்டிருந்தா கண்ணுக்கு விழத்தான் செய்யும்." அவர் குரலில் கேலி இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

பேராசிரியர் மேஜையிலிருந்த பெட்டியைக் கண்ணு பக்கம் தள்ளினார். "அந்தாளு ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டான். ரேடியத்தை வை. நானே பார்க்கிறேன்," என்றார்.

மறுபடியும் இருட்டு, மறுபடியும் காத்திருப்பு. கண்ணு பெட்டியைத் திறக்கவே இல்லை, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். தன் கண் மட்டும்தான் கெட்டுப்போச்சா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"வச்சிட்டேங்க ஐயா."

அவர் குனிந்தார்.

"இதோ! ஒண்ணு! அடேயப்பா, இன்னொண்ணு! எழுதிக்கோம்மா, எழுதிக்கோ!"

எட்டு வருஷத்தில் அந்தக் குரலில் இவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டதில்லை. எழுதிவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூடத் தோன்றியது. ஆனால் கை பென்சிலைத் தேடவில்லை. பெட்டியை எடுத்து, தடவித் தடவி அவர் உள்ளங்கையைக் கண்டுபிடித்து அதில் வைத்தாள்.

"ரேடியம் இங்க இருக்குங்க ஐயா."

அவர் விரல்கள் பெட்டியின் மூடியைத் தடவிப் பார்த்தன. ஒரு தடவை, இன்னொரு தடவை.

"விளக்கு போடட்டுங்களா?"

"வேணாம்மா. கொஞ்ச நேரம் போகட்டும்."

கண்ணு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருட்டில் உட்கார இரண்டு பேருக்கும் பழக்கம்தானே.