குருவின் விமானம்

எங்கள் அப்பா, நைனா, நேற்று விடியற்காலையில் இறந்துபோனார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி குரு வரும்வரை எடுக்கக் கூடாது என்று முடிவானதால், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து ஐஸ் பெட்டி வாடகைக்கு வந்தது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய், துபாயிலிருந்து சென்னை, அங்கிருந்து திண்டிவனம் வழியாகக் கார். நாளைக் காலை வந்துவிடுவேன் என்று சொல்லி, விமானத்தின் நம்பரையும் அனுப்பியிருந்தான்.

அந்த நம்பரை என் போனில் போட்டதுதான் வினை. உலகப் படத்தில் மஞ்சளாக ஒரு சின்ன விமானம் நகர்ந்தது. அவ்வளவுதான், துக்கத்துக்கு வந்த சனம் மொத்தமும் அதைச் சுற்றிக்கொண்டது. நைனாவைப் பார்த்தவர்களைவிடப் போனைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

ராஜாங்கம் சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா ரஞ்சனி, நம்ம ஊரு கீழ இருக்குது, இது இன்னாத்துக்கு மேல மேல போவுது? புள்ள வேற பிளேன்ல ஏறிட்டானா?"

"உலகம் உருண்டை சித்தப்பா. மேல போய் வந்தாத்தான் கிட்ட."

"எம்மாந் தூரம்?"

"துபாய்க்கே பதிமூணாயிரம் கிலோமீட்டர். பதினாறு மணி நேரம்."

"அவ்ளோ நேரம் குந்திக்கினே வரானா!" என்றார். உடனே போய், தொண்டூர்ப் பங்காளிகளிடம் தானே கணக்குப் போட்டதுபோல் அதைச் சொன்னார்.

அம்மா மட்டும் போனைப் பார்க்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி, "எங்க வரான்?" என்று அவ்வப்போது கேட்டாள். கனடா என்றேன். அப்புறம் கிரீன்லாந்து என்றேன். அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். எனக்கும்தான். நேற்றிலிருந்து எனக்குள் எதுவுமே அசையவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தேன். இட்லி கொடுத்தார்கள், தின்றேன். ஒன்றும் உறைக்கவில்லை.

விமானம் கிரீன்லாந்துக்கு மேலே இருக்கும்போதே, அதே போனில் குரு கூப்பிட்டான். கொல்லைப் பக்கம் போய் எடுத்தேன்.

"அக்கா, நான் ஏறலக்கா. டிக்கெட் போட்டது நெசம். ஏர்போர்ட் வரைக்கும் போனேன். விசா ரினிவல்ல இருக்குது. இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள உட மாட்டாங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரு." இத்தனை நேரம் சொல்லத் தைரியம் வரவில்லையாம். "அம்மாகிட்ட பிளேன் லேட்டுன்னு சொல்லு. அப்பறமா கேன்சல்னு சொல்லிக்கலாம்."

திட்ட வேண்டும் என்று தெரிந்தது. வாய் நிறைய வசவு வைத்திருப்பவள் நான், ஒன்றுகூட வரவில்லை. "சாப்டியா?" என்று கேட்டேன். அவன் அழுதான். போனை வைத்துவிட்டேன்.

உள்ளே வந்ததும் சித்தப்பா கையை நீட்டினார். "குடும்மா, எங்க வருதுன்னு பாக்கலாம்."

"எங்க வரான்?" என்று அம்மாவும் கேட்டாள்.

இன்னொரு நாட்டின் பெயரைச் சொல்லியிருக்கலாம். நார்வே, ரஷ்யா என்று வழியில் எவ்வளவோ இருந்தன. ஆனால் நாளைக் காலைவரை பெயர் சொல்லிக்கொண்டே இருக்க எனக்குத் தெம்பில்லை.

"பிளேன் வந்துக்கினுதான் இருக்குது. அவன் அதுல இல்லம்மா."

சித்தப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஏன், எதற்கு என்று அம்மா என்னைக் கேட்கவில்லை. பெட்டியின் கண்ணாடி மூடியை அவளே தள்ளிவிட்டு, நைனாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இந்தாய்யா," என்றாள். "அவன் வரலியாம். நீ கெளம்பு."